செனகல் மணலில் நீலம் கிடையாது

பிப்ரவரி 3, டக்கார்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சால்வையைத் தேடினேன். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து நான்கு பருத்திச் சுடிதாரோடு வந்திருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் காற்று எலும்புவரை போனது. வெளியே நின்ற டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் குல்லாயும் ஜெர்கினும் போட்டிருந்தார்கள். பிப்ரவரியில் டக்கார் இப்படித்தான், பகலிலும் 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்றாள் இங்கே வேலை பார்க்கும் தோழி. கூடவே சகாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று தூசியைக் கொண்டுவந்து கொட்டுகிறது. விடிந்த பிறகும் வானம் பழைய வேட்டி மாதிரிப் பழுப்பாகவே இருந்தது.

ஊருக்குப் போகிற 50 கிலோமீட்டரும் இலையில்லாத ஆனைப்புளி மரங்கள். நம் பக்கத்தில் எங்காவது ஒன்று இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுவோம். இங்கே சாலையோரப் புளியமரம் போல நிற்கின்றன.

நான் புதுச்சேரிக்காரி. பள்ளியில் பிரெஞ்சு சொல்லித்தருகிறேன். என் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் இருந்தவர். அதே பட்டாளத்தில் செனகல் வீரர்களும் இருந்தார்கள். அவர்கள் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கூடப் படித்தவளுக்கு டக்காரில் வேலை கிடைத்ததும், எப்படியும் ஒருமுறை போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தத் தாம்பாளத்தை முதல் நாள் மத்தியானமே பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். செபுஜென் என்றால் அரிசியும் மீனும். அரிசி முழு அரிசி கிடையாது, நொய். நாம் கஞ்சிக்கு ஒதுக்குகிற நொய்தான் இங்கே விருந்துச் சோறு. பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து கொண்டுவந்து பழக்கியது. பிறகு இந்தியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்தது. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடை செய்ததை அந்த அம்மா நேற்று நடந்தது போலச் சொன்னார். தக்காளியில் சிவந்த சோறு, மேலே மரவள்ளி, கேரட், கோஸ், கத்தரி, பூண்டும் பார்ஸ்லியும் அடைத்த மீன். அடியில் கருவாட்டு வாசனை. ஓரத்தில் புளி. எனக்கு எதுவும் அந்நியமாகத் தெரியவில்லை.

ஆறு பேர் சுற்றி உட்கார்ந்தோம். அவரவர் முன்னால் இருக்கும் பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டும், நடுவில் கை போகக் கூடாது. நடுவில் இருக்கும் மீனையும் காய்களையும் வீட்டம்மா பிய்த்துப் பிய்த்து எல்லார் பக்கமும் தள்ளுகிறார். விருந்தாளி பக்கம் கொஞ்சம் கூடுதல். கடைசியில் பானையின் அடியைச் சுரண்டி எடுத்த காந்தலைக் கொண்டுவந்தார். அதற்கு இங்கேயும் போட்டி.

என்ன பார்க்க வந்தாய் என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. உலக்கை பிடித்து கம்பு இடிக்கும் மூன்று பெண்கள். வண்ணம் சொரசொரப்பாக இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னார். மணல். “கோரே தீவுக்குப் போ, போடுகிறவர்களையே பார்க்கலாம்” என்றார்.

பிப்ரவரி 4, கோரே

பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனதால் காலைப் படகு போய்விட்டது. திரும்பிப் போய் எடுத்துவந்து அடுத்த படகுக்குக் காத்திருந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கட்டணம் 5,200 ஃபிராங்க், நம் பணத்தில் 700 ரூபாய்க்கு மேல். காத்திருந்த நேரத்தில் 100 ஃபிராங்குக்கு ஒரு கப் கஃபே தூபா. காபியோடு மிளகு மாதிரி ஒரு விதையை வறுத்து இடித்துப் போடுகிறார்கள். சுக்குக் காபியின் பெரியப்பா மகன் என்று சொல்லலாம். தூசியில் அடைத்திருந்த தொண்டை திறந்துகொண்டது.

இங்கே எதையும் நேரடியாகக் கேட்கக் கூடாது. முதலில் சலாம், பிறகு எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி. நாலு கேள்வி, நாலு பதில் முடிந்த பிறகுதான் விஷயம். அவசரத்தில் நான் டிக்கெட் கவுண்டரில் எடுத்த எடுப்பில் நேரம் கேட்டுவிட்டேன். உள்ளே இருந்தவர் கோபப்படாமல் “போன்ஜூர், மதாம்” என்று சொல்லி, நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தார். அப்புறம்தான் நேரம் சொன்னார். வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டுப் பெரியவர்களும் இப்படித்தான் திருத்துவார்கள்.

படகு 20 நிமிடம். கோரே சின்னத் தீவு. 900 மீட்டர் நீளம், 350 மீட்டர் அகலம். கார் கிடையாது, சைக்கிள்கூட நான் பார்க்கவில்லை. காவி, இளஞ்சிவப்புச் சுவர்கள், அதன்மேல் காகிதப்பூக் கொடி, மரக் கதவுகள். எங்கள் ஊர் வெள்ளைக்காரத் தெருவை நினைக்காமல் நடக்க முடியவில்லை.

அடிமைகள் இல்லத்துக்கு முதலில் போனேன். 1776 வாக்கில் கட்டிய வீடு. மேலே வியாபாரிகள் குடியிருக்க, கீழே தாழ்ந்த கல் அறைகளில் மனிதர்களை அடைத்து வைத்திருந்தார்கள். நடைபாதையின் கடைசியில் கடலைப் பார்த்து ஒரு வாசல். வெளியே கறுப்புப் பாறையும் அலையும் மட்டும்தான். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் சத்தமாக வந்து, அந்த வாசல் அருகே வந்ததும் தானாக அடங்கியது. ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை. நானும் அங்கே நின்றதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

காஸ்தெல் மேடு தீவின் தெற்குக் கோடியில் இருக்கிறது. உச்சியில் துருப்பிடித்த இரட்டைப் பீரங்கி. அதைச் சுற்றிய பழைய ராணுவப் பதுங்கறைகளில் இப்போது ஓவியர்கள் குடியிருக்கிறார்கள். ஏறும் வழியெல்லாம் படங்கள் சாய்த்து வைத்திருக்கின்றன. இளம்பையன்கள் கூப்பிட்டு ஐந்து நிமிடத்தில் ஒரு படம் போட்டுக் காட்டுகிறார்கள். பலகையில் பசையைத் தடவி, நாலைந்து மணலை அள்ளிப் போட்டு, பலகையைக் கவிழ்த்துத் தட்டினால் ஆனைப்புளி மரம் நிற்கிறது. கூட்டம் கைதட்டுகிறது. நானும் தட்டினேன். நீலக் கடல், பச்சை இலை, எல்லாம் பளிச்சென்று இருந்தது.

அதற்கு மேலே, கடைசிப் பதுங்கறையில் ஒரு பெரியவர். யாரையும் கூப்பிடவில்லை. வாசலில் பாய் விரித்து மணல் சலித்துக்கொண்டிருந்தார். இங்கே வயதான ஆண்களை தோந்தோன் என்று கூப்பிடுவார்கள். நமக்கு மாமா, சித்தப்பா மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். சலாம் எல்லாம் முறையாகச் சொல்லி முடித்ததும் உள்ளே வரச் சொன்னார்.

சுவர் நீளத்துக்குப் பலகை அடித்து, அதில் மயோனீஸ் சாடிகளும் பால்பவுடர் டின்களும். ஒவ்வொன்றிலும் ஒரு மணல். மூடியில் ஊர்ப்பெயர் எழுதியிருந்தது, நிறத்தின் பெயர் இல்லை. நான் கேட்கக் கேட்கத் திறந்து காட்டினார். கறுப்பு, டக்காரின் மாமெல் குன்றுகளிலிருந்து. அவை அணைந்துபோன எரிமலை. ஆரஞ்சு, லோம்பூல் மணல்மேட்டிலிருந்து. ரத்தச் சிவப்பு, கிழக்கே தம்பாகுந்தாவின் செம்மண் சாலையிலிருந்து. வெள்ளை, சிப்பி ஓட்டிலேயே மேடான ஃபதியூத் தீவிலிருந்து, இடித்துச் சலித்தது. இளஞ்சிவப்பு, ஆற்றுக்கு அக்கரை மொரித்தானியாவிலிருந்து ஒட்டகக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. அப்புறம் பழுப்பில் மட்டும் ஆறேழு வகை. ஒரு சாடிக்கும் இன்னொரு சாடிக்கும் வித்தியாசம் தெரிய எனக்கு வாசலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

“எதற்கும் சாயம் போடவில்லை” என்றார்.

நீலம் எங்கே என்றேன்.

“எங்கள் மண்ணில் நீலம் கிடையாது, மகளே. பச்சையும் கிடையாது. இல்லாததை நான் போடமாட்டேன்.”

பிப்ரவரி 5, மறுபடி கோரே

வேறு திட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதல் படகில் போனேன். தோந்தோன் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஒரு முக்காலியைத் தள்ளினார்.

ஒரு படம் எப்படி வருகிறது என்று முழுதாகப் பார்த்தேன். ஒட்டுப்பலகையை உப்புத்தாளால் தேய்க்கிறார். பென்சிலால் கோடு. பசை ஒரு எனாமல் கிண்ணத்தில் இருந்தது, தேன் நிறத்தில். நான் ஃபெவிகால் மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு துணிமுடிச்சை அவிழ்த்துக் காட்டினார். பிசின். கண்ணாடி உருண்டை மாதிரிக் கட்டி கட்டியாக. வெரெக் என்கிற மரம் தருவதாம். நம் கருவேல மரத்துக்குச் சொந்தம். ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டினால் கோந்து. சின்ன வயதில் கருவேலம் பிசினைக் கொட்டாங்கச்சியில் ஊறவைத்து நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை ஒட்டியது ஞாபகம் வந்தது. வாசனைகூட அதே.

ஒரு நிறத்துக்கு ஒரு தடவைதான் பசை. முதலில் கறுப்பு. தூரிகை நுனியால் ஒரு படகின் விளிம்பை இழுத்தார். பசை ஈரமாக மின்னியபோதே வலது கையில் மணலைக் கிள்ளி, ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசுவது தெரியவே தெரியாது. ஆனால் மணல் நூல் மாதிரி இறங்குகிறது. மனசுக்குள் எண்ணிக்கொண்டே காத்திருந்தார். பிறகு பலகையைக் கவிழ்த்து, பின்பக்கம் விரல் முட்டியால் இரண்டு தட்டு. ஒட்டாத மணல் மடித்த காகிதத்தில் விழுந்தது. அதை அப்படியே மாமெல் சாடிக்குள் திருப்பி ஊற்றினார். அடுத்த நிறத்துக்கு முன்னால் கையைத் துணியில் துடைத்தார், காகிதத்தை மாற்றினார். ஒரு கறுப்பு மணி ஃபதியூத் சாடிக்குள் விழுந்தால் அதைத் தேடி எடுக்க அரை நாள் ஆகும் என்றார்.

கடலுக்கு என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாம்பல் நிற மணலை அடர்த்தியாக ஒரு பட்டை, அடுத்து மெலிதாக ஒரு பட்டை, நடுவே சிப்பி வெள்ளையில் முடி போல ஒரு கோடு. அவ்வளவுதான். தள்ளி நின்று பார்த்தால் அலை அடிக்கிறது. ஹார்மட்டான் வீசும் நாட்களில் இங்கே நிஜக் கடலும் அதே சாம்பல் நிறத்தில்தான் இருந்தது.

மத்தியானம் என் கையில் ஒரு துண்டுப் பலகை கொடுத்தார். முதல் தடவை பசையை அதிகமாகத் தடவி எல்லாம் வழிந்துவிட்டது. இரண்டாவது தடவை கோடு நின்றது. மணல் விடும்போது அவர் என் விரலையே கவனித்தார். “இதை எங்கே கற்றாய்?”

வாசலுக்கு வந்து, கடற்கரை மணல் கொஞ்சம் வாங்கி, கறுப்புப் பாறைமேல் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று போட்டுக் காட்டினேன். சிக்குக் கோலம், சின்னதுதான். அடுத்த அறைப் பையன்கள் வந்து நின்றார்கள். கோடு எங்கே தொடங்கியது என்று ஒருவன் விரலால் தேடினான். எங்கள் வீட்டில் அரிசி மாவில் போடுவோம், எறும்பு தின்னும், மத்தியானத்துக்குள் மிதிபட்டுப் போகும் என்றேன்.

“பசை கிடையாதா?”

கிடையாது.

“மறுநாள்?”

மறுநாள் மறுபடி போடுவோம்.

தோந்தோன் கோலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அப்புறம் கேட்டார்: “உங்கள் ஊர் மணல் என்ன நிறம்?”

கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடையில் பிறந்து வளர்ந்தவள். ஏதோ பழுப்பு என்றேன். அவர் உள்ளே கைநீட்டிப் பழுப்புச் சாடிகள் ஆறையும் காட்டினார். எந்தப் பழுப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. படகில் திரும்பும்போதும் அது மனதை விட்டுப் போகவில்லை.

பிப்ரவரி 6, டக்கார்

இருமல். தூசி நெஞ்சுவரை போய்விட்டது. சாயங்காலம் மட்டும் சும்பெதியூன் கைவினைக் கடைகளுக்குப் போனோம். மணல் படங்கள் 3,000 ஃபிராங்கிலிருந்து கிடைக்கின்றன. நீல வானம், பச்சைக் கிளி. இது சாயம்தானே என்று கேட்டேன். கடைக்காரர் மறைக்கவில்லை. “சாயம்தான். வாங்க வருகிறவர்கள் நீலக் கடலைத்தான் கேட்கிறார்கள், எனக்கு நாலு பிள்ளைகள்” என்றார். அவரிடம் வாதாட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அந்தப் படத்தைக் கையில் எடுத்தபோது அது எந்த ஊர் என்று சொல்ல முடியவில்லை. தோந்தோன் படத்தில் படகின் பாய் லோம்பூல், பெண்ணின் உடை தம்பாகுந்தா, அவள் கால் மாமெல். அந்த வித்தியாசத்தைக் காசால் எப்படிச் சொல்வது?

வழியில் நேம் என்கிற பொரித்த சுருள் வாங்கிச் சாப்பிட்டோம். வியட்நாம் நேமேதான். இந்தோசீனாவில் இருந்த செனகல் வீரர்கள் அங்கே கல்யாணம் செய்து கூட்டிவந்த பெண்கள் கொண்டுவந்த பலகாரம். புதுச்சேரியில் எத்தனை சொல்தா வீடுகளில் இன்றைக்கும் நேம் சுடுகிறார்கள்! தாத்தா இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 7, 8, லோம்பூல்

ஆரஞ்சு மணலை அது கிடக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். தோழி லீவு போட்டுவிட்டு வந்தாள். செத்ப்ளாஸ் என்கிற ஏழு பேர் டாக்ஸி. பழைய பெஜோ கார், ஏழு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். வெள்ளிக்கிழமை என்பதால் எல்லாரும் கஞ்சி போட்டுத் தேய்த்த பூபூ அங்கியில் மணமணக்க வந்திருந்தார்கள். நாங்கள் பின்சீட்டில், முழங்கால் தாடையைத் தொட.

கெபெமெர் ஊருக்கு முன்னால் முதலில் டயர் போனது. ஸ்டெப்னியை மாட்டினால் அதிலும் காற்றில்லை. டிரைவர் டயரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனார். மூன்று மணி நேரம். நடுவில் தொழுகை நேரம் வந்தது. ஆண்கள் சாலையோரம் பாய் விரித்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் டிரைவரைத் திட்டவில்லை. எதிரே இருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து, எங்களைக் கேட்காமலேயே கூட்டிப்போய் நிழலில் பாய் போட்டார். வேர்க்கடலை வறுத்துக் கொடுத்தார். அவர் மகன் சின்ன அடுப்பில் ஆத்தாயா போட்டான். ஒரே தேயிலையில் மூன்று தடவை. முதல் கிளாஸ் கசப்பு, மூன்றாவது சர்க்கரைப் பாகு. உயரத்தூக்கி ஆற்றி ஆற்றி நுரை கட்டும் விதம் நம் டீக்கடை மாஸ்டரை அப்படியே உரித்து வைத்தது. கிளம்பும்போது காசு நீட்டினேன். அந்தப் பெண் என் கையை மூடி, என் நெஞ்சோடு சேர்த்து அழுத்திவிட்டுப் போனார்.

மணல்மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சின்னப் பாலைவனம்தான், சகாராவிலிருந்து வெகு தூரம் தள்ளி, கடல் கொஞ்ச தூரத்திலேயே. ஆனால் மேட்டின்மேல் ஏறி நின்றால் சுற்றி ஆரஞ்சைத் தவிர வேறெதுவும் இல்லை. வெறுங்காலோடு இறங்கினேன். மேல் மணல் சூடு, ஒரு அங்குலம் கீழே ஜில்லென்று.

ராத்திரி கூடாரத்தில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு கைப்பிடியை வெள்ளைக் கைக்குட்டைமேல் பரப்பிப் பார்த்தேன். ஆரஞ்சு என்று ஒரு மணிகூட இல்லை. கண்ணாடி மாதிரிக் குவார்ட்ஸ் மணிகள், ஒவ்வொன்றின் மேலும் இரும்புத்துரு பூச்சு மாதிரி. சிலதில் முழுதாக, சிலதில் பாதி. நடுநடுவே கறுப்பாகவும் சில மணிகள். அவை கனமான தாதுக்கள். கன்னியாகுமரியில் பொட்டலம் போட்டு விற்கும் மணல் ஞாபகம் வந்தது. அதில் சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். கன்னியாகுமரிக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சி போலவே இந்தக் கடற்கரைக்கும் அந்தக் கறுப்பு மணிகளே வினையாகியிருக்கின்றன. சிர்கானும் இல்மனைட்டும் எடுக்க 2014 முதல் இந்தக் கடற்கரை மணல்மேடுகளைத் தோண்டுகிறார்கள். செயற்கைக் குளத்தில் மிதக்கும் பெரிய இயந்திரம் மேட்டை உறிஞ்சி, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னால் கொட்டிக்கொண்டே நகர்கிறது. முகாமில் பரிமாறிய பையன் அதன் விளக்குகள் தெரியும் திசையைக் காட்டினான். காய்கறித் தோட்டம் போட்டவர்கள் நிலத்தை விட்டுப் போனதைச் சொன்னான். தோந்தோனுக்கு வருஷத்துக்கு ஒரு சாக்கு மணல் போதும். அந்தச் சாக்கு இன்னும் எத்தனை வருஷம் இந்த நிறத்தில் கிடைக்கும் என்ற கவலையில் எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று. குளிர் வேறு, இரண்டு கம்பளி போர்த்தியும் போதவில்லை.

பிப்ரவரி 9, சான்லூயி

மணல்மேட்டிலிருந்து வடக்கே, செனகல் ஆற்றின் வாயில் உள்ள ஊர். 1659இல் பிரெஞ்சுக்காரர்கள் இறங்கிய இடம். 500 மீட்டருக்கு மேல் நீளமான ஃபெதெர்ப் இரும்புப் பாலத்தைக் கடந்தால் தீவு. அந்தப் பக்கம் கெத்ந்தார் மீனவர் குப்பம். வண்ணம் தீட்டிய நீள மரப்படகுகள் நூற்றுக்கணக்கில், ஆடு, பிள்ளைகள், மீன் வாடை. கடல் அரித்து விழுங்கிய வீடுகளின் பாதிச் சுவர்கள் அலையில் நிற்கின்றன. எங்கள் பக்கத்து மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பாதிச் சுவரைப் பார்த்தால் வயிறு பிசையும்.

விடுதியில் காலையில் ரொட்டி சாப்பிடும்போது ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் எதிரே உட்கார்ந்தார். எந்த ஊர் என்றார். போந்திஷேரி என்றேன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். “கினே!” என்றார்.

புதுச்சேரியைச் சுற்றிய ஊர்களில் நெய்து அவுரிச் சாயத்தில் தோய்த்த கருநீலத் துணிக்கு கினே என்று பெயர். அது ஆப்பிரிக்காவுக்குப் போனது என்று எனக்கும் தெரியும். எங்கே போனது, எதற்குப் போனது என்று தெரியாது. அவர் சொன்னார்: 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்த ஆற்றங்கரையில் கினேதான் பணம். ஒரு துண்டு கினே என்பதே ஒரு கணக்கு. அக்கரையின் மூர் வியாபாரிகள் அதைத் தொட்டு, முகர்ந்து பார்த்து வாங்குவார்கள். ஐரோப்பாவில் செய்த போலியை ஒதுக்கிவிடுவார்கள். அவுரியின் நீலம் உடம்பில் ஒட்ட ஒட்ட அவர்களுக்குப் பெருமை. சரி, அந்தத் துணிக்கு அவர்கள் என்ன கொடுத்தார்கள்?

பிசின். வெரெக் மரத்துப் பிசின். ஐரோப்பாவில் துணியில் அச்சுப்பதிக்கச் சாயத்தைக் கெட்டியாக்க அது வேண்டியிருந்தது.

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எனாமல் கிண்ணத்தில் பார்த்த தேன் நிறம் கண்ணுக்குள்ளேயே நின்றது. எங்கள் ஊர் நெசவாளியும் சாயக்காரரும் இந்தப் பிசினைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பிசின் எடுத்தவர் எங்கள் ஊரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பிசின் மட்டுமா? இந்தியத் துணியைக் கொடுத்து மனிதர்களையும் வாங்கினார்கள் என்பதையும் ஆசிரியர் மறைக்காமல் சொன்னார். கோரேயின் அந்த வாசலில் நின்றபோது எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன். என் பாட்டியின் அப்பா சாயத்தொட்டியில் வேலை பார்த்தவர். அவர் முழங்கை வரை நீலமாக இருக்கும் என்று பாட்டி சொல்வார்.

பிப்ரவரி 11, கோரே, கடைசி நாள்

தோந்தோனிடம் கினே கதையைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. அவருடைய பாட்டி வைத்திருந்த ஒரு துண்டைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். “நீலம் எங்களுக்குத் துணியில்தான் வந்தது, மண்ணில் வரவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சலிப்பதைத் தொடர்ந்தார்.

நான் உட்கார்ந்து பார்த்த சாம்பல் கடல் படகுப் படம் காய்ந்து தயாராக இருந்தது. 20,000 என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வாங்காமல் என்னைப் பார்த்தார். பேரம் பேசாமல் வாங்கினால் நாம் பேசவே இல்லை என்று ஆகிவிடும், உட்கார் என்றார். உட்கார்ந்து பேசினோம். மகள் வீடு, என் பள்ளிக்கூடம், அவர் முழங்கால் வலி. 17,000க்கு முடிந்தது. 3,000ஐ என் பையில் அவரே வைத்தார். அப்புறம் காகிதத்தில் சுற்றும்போது, நான் போட்ட துண்டுப் பலகையையும் சேர்த்து வைத்தார்.

கிளம்பும்போது சொன்னார்: “உன் ஊர் மணல் அனுப்பு. கடல் மணலென்றால் நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசு. உப்பு இருந்தால் ஈரம் இழுத்துப் பசை விட்டுவிடும். நிழலில் காயவை. மூடியில் நிறத்தை எழுதாதே, ஊரை எழுது.”

விமான நிலையத்தில் படத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். சோதித்த இளைஞர் விரலால் மெல்லத் தடவினார். நாலைந்து மணி உதிர்ந்தது. பதறிப்போய் “பார்தோன், மதாம்” என்று அவற்றை நகக்கண்ணால் ஒற்றி எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் என் உள்ளங்கையில் வைத்தார்.

பிப்ரவரி 16, புதுச்சேரி

வந்த ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முதலில் பொம்மையார்பாளையம். மழை அரித்த செம்மண் பள்ளத்தில் இறங்கினால் சுவரில் ஒரே நிறம் இல்லை. மேலே ரத்தச் சிவப்பு, நடுவில் மஞ்சள், கீழே வெளுத்த ரோஜா. மூன்று பொட்டலம். அப்புறம் வீராம்பட்டினம். அலை பின்வாங்கிய இடத்தில் மணல்மேல் கறுப்பாக மை இழுத்தது போல் கோடுகள். நாற்பது வருஷமாக மிதித்து நடந்திருக்கிறேன்.

வீட்டில் மாவு சலிக்கும் சல்லடையைக் கேட்டதற்கு அம்மா முதலில் திட்டினாள். விஷயத்தைச் சொன்னதும் தானே வந்து உட்கார்ந்தாள். மூன்று தண்ணீர் அலசினோம். மூன்றாவது தண்ணீரில் அம்மா குண்டானைச் சாய்த்து, அரிசி அரிக்கிற மாதிரி ஆட்டி ஆட்டி, மேல் மணலை வேறு பாத்திரத்துக்குத் தள்ளினாள். கல் தங்குவது போலக் கறுப்பு மட்டும் குண்டானின் அடியில் தங்கியது. இரண்டு வாளி மணலுக்கு ஒரு ஸ்பூன் கறுப்பு.

தோழி மே மாதம் லீவில் வருகிறாள், திரும்பும்போது கொண்டுபோவாள். இப்போதைக்கு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், பழைய செய்தித்தாள் விரித்து ஐந்து மணலும் காய்கின்றன. காற்று அடித்தது. வடகத்துக்கு வைப்பது போல அம்மா நாலு மூலையிலும் கல் வைத்தாள்.